மடிமாங்காயும் உரைகல்லும்: யாத்ருச்சிக ஸுக்ருதம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

எதிர்பாராமல் நேரும் சந்திப்புகளையும் சேர்க்கைகளையும் எம்பெருமானுடைய திருவுள்ளத்தின் விளைவாகக் கொள்வது ஸ்ரீவைஷ்ணவர்களிடையே பெருவழக்கு. மழைக்கு ஒதுங்கிய மண்டபத்தில் ஒரு காலக்ஷேபம் காதில் விழுகிறது. வேறொருவரைத் தேடிச் சென்ற வீட்டில் ஆசாரிய ஸம்பந்தம் வாய்க்கிறது. இவற்றைச் சொல்லி முடிக்கும்போது ‘எல்லாம் அவன் செயல்’ என்னும் வாக்கியம் தானாகவே வந்துவிடுகிறது. இவ்வழக்குக்கு ஸம்ப்ரதாயத்தில் ஆதாரம் உண்டா, உண்டெனில் எம்மட்டும் உண்டு, எவ்விடத்தில் அது எல்லை கடக்கிறது என்பவை ஆராயத்தக்கவை. அவ்வாக்கியம் ஒரு வாயில் நன்றியாகவும் மற்றொரு வாயில் செருக்காகவும் அமையும். பிறர் துன்பத்தின் முன்னே சொல்லப்படுங்கால் கொடுமையாகவும் முடியும். ஆதலின் இது சொல்லாராய்ச்சி மாத்திரம் அன்று.

தற்செயல் என்று உலகம் கூறுவதைக் குறிக்க நம் பூருவர்கள் ‘யாத்ருச்சிகம்’ என்னும் சொல்லை ஆண்டனர். அதனோடு ‘ப்ராஸங்கிகம்’, ‘ஆநுஷங்கிகம்’ என்னும் இரண்டையும் கூட்டி, சேதநன் அறியாமலே அவனுக்கு வந்து சேரும் ஸுக்ருதங்களை மூவகையாகப் பகுத்தனர். நினையாமல் நேர்வது யாத்ருச்சிகம். வேறொரு பேச்சின் இடையே வந்து விழுவது ப்ராஸங்கிகம். வேறொரு பயனுக்காகச் செய்ததில் உடன்தொடர்ச்சியாக ஒட்டிவருவது ஆநுஷங்கிகம். இம்மூன்றும் ஒருங்கே விளங்கும் இடம் பிள்ளை லோகாசாரியர் அருளிய ஸ்ரீவசன பூஷணத்தில், பதிப்புகளில் 381ஆம் எண் பெறும் நெடிய சூர்ணிகை. அதற்கு மணவாள மாமுனிகள் அருளிய வியாக்கியானமே இப்பொருளுக்கு உரைகல்.

சூர்ணிகையின் போக்கு

அச்சூர்ணிகை சேதநனைப் பற்றித் தொடங்கவில்லை. ஈச்வரனைப் பற்றித் தொடங்குகிறது. பரமபதத்தில் குறைவற்ற அநுபவம் நடந்துகொண்டிருக்கையிலும் அவனுக்கு அது உண்டது உருக்காட்டாத நிலையாக இருக்கிறது. வெளிதேசம் சென்ற மகனிடத்திலே தகப்பனுடைய நெஞ்சு கிடப்பதுபோல, ஸம்ஸாரிகள் பக்கலிலே அவன் திருவுள்ளம் கிடக்கிறது. அவர்களுக்கு உடலும் கரணங்களும் கொடுக்கிறான். கண்ணுக்குத் தோன்ற நின்றால் விலக்கிவிடுவார்கள் என்று கண்ணுக்குத் தோன்றாதபடி உள்ளே புகுகிறான். உறங்கும் குழந்தையைத் தாய் முதுகுப்புறமாக அணைத்துக்கொண்டு கிடப்பதுபோலக் கிடக்கிறான். அவர்கள் தீவினையில் இறங்கும்போது அநுமதி பண்ணி, உதாசீனனைப்போல இருந்து, மீட்பதற்கு இடம் பார்க்கிறான்.

இவ்விடத்தில் சூர்ணிகை சொல்லும் ஒரு செய்தி கருதத்தக்கது. நன்மை என்று பெயர் வைக்கத்தக்க ஒரு தீமைகூட அச்சேதநனிடம் கிடைக்காவிட்டால், ஈச்வரன் கண்ணீரோடு திரும்பிப் போகிறான். ஸர்வசக்தன் என்று வேதம் ஓதும் பொருள், ஒரு சாக்கு அகப்படாமையால் அழுதுகொண்டு மீளுகிறது. பிறகு ஒரு சிறு இடம் கிடைத்தவளவிலே கணக்கெழுதத் தொடங்குகிறான். தன் ஊரின் பெயரைச் சொன்னதும், தன் பெயரைச் சொன்னதும், தன் அடியாரைப் பார்த்ததும், அவர்கள் தாகம் தீர்த்ததும், அவர்கள் ஒதுங்க நிழல் கொடுத்ததும் அக்கணக்கில் ஏறுகின்றன. இவற்றுக்கு வியாக்கியானம் காட்டும் விளக்கங்கள் எளியவை. தன் பயிர் காயாதிருக்க நீர் இறைத்தான் ஒருவன். வழிச்சென்ற அடியார் அந்நீரைப் பருகினர். சூதாடிப் பொழுது போக்குவதற்குத் திண்ணை கட்டினான் மற்றொருவன். வெயிலுக்கு அடியார் அதில் ஒதுங்கினர். இறைத்தவனுக்கும் கட்டினவனுக்கும் அடியார் நினைவே இல்லை.

இதனை விளக்கச் சூர்ணிகை இரண்டு உவமைகளை அடுத்தடுத்து வைக்கிறது. முதலாவது மடிமாங்காய். தோப்பின் வழியே சும்மா போகிறவனுடைய மடியில் தானே மாங்காயை இட்டு, ‘என் தோப்பில் திருடினாய்’ என்று அவனைப் பிடித்துக்கொள்வது அது. இரண்டாவது பொன்வாணியன். உரைகல்லில் உரைத்த பொன்னின் கீற்றை மெழுகால் ஒற்றி ஒற்றி எடுத்துக் கழஞ்சுக் கணக்காகத் திரட்டுபவன் அவன். இவ்வாறு பிறவிதோறும் சிறுகச் சிறுகத் திரட்டி, ஒன்றைப் பத்தாக்கி, ஈச்வரன் சேதநனை நடத்திச் செல்கிறான் என்று முடிகிறது.

இரு உவமைகளின் முரண்

இவ்விரண்டு உவமைகளையும் ஒரே பொருளின் இரு விளக்கங்களாகவே பெரும்பாலும் சொல்லிப்போவர். ஊன்றி நோக்குங்கால் அவை எதிர்த்திசையில் இழுக்கின்றன. மாங்காய் அவன் மடியில் இருந்ததன்று; பிடிக்கிறவன் இட்டது. பொன்கீற்றோ உரைகல்லில் உண்மையாகவே இருப்பது. மிகச் சிறியதாயினும் பொன்னே. முதல் உவமைப்படி ஸுக்ருதம் கற்பிதம். இரண்டாவதன்படி அது உள்பொருள். கற்பிதமெனில் ‘நிர்ஹேதுக க்ருபை’ என்னும் சித்தாந்தம் தடையின்றி நிற்கும். ஆனால் சேதநன் வெறும் பொம்மையாகிவிடுவான் என்னும் ஐயம் எழும். உள்பொருளெனில் சேதநனுடைய செயலுக்கு ஓர் இடம் கிடைக்கும். ஆனால் க்ருபை அச்செயலை எதிர்பார்த்து நின்றதாகிவிடும்.

வியாக்கியானம் காட்டும் விளக்கங்களே இம்முடிச்சை அவிழ்க்கின்றன. நீர் இறைத்தது நிகழ்ந்தது. திண்ணை கட்டியது நிகழ்ந்தது. அந்நிகழ்ச்சிகளில் ஈச்வரன் எதையும் புனையவில்லை. அடியார்க்காகச் செய்தான் என்னும் கருத்து மாத்திரமே அவன் மடியில் இடுவது. உரைகல்லில் கிடப்பது செயல்; மடியில் இடப்படுவது அச்செயலுக்கு ஸுக்ருதம் என்னும் பெயர். ஆதலின் பொன்வாணியன் உவமை நிகழ்ச்சியைப் பற்றியது என்றும், மடிமாங்காய் உவமை அந்நிகழ்ச்சிக்கு ஈச்வரன் ஏற்றும் பொருளைப் பற்றியது என்றும் கொள்ளும்போது இரண்டும் இயைகின்றன. சூர்ணிகை ‘கற்பித்து’ என்னும் வினையை ஆண்டதன் சுவையும் இதனால் புலனாகிறது.

இவ்வாறு கொண்டால், தற்செயலில் தெய்வத்தின் கையைக் காண்பது என்பதன் பொருளே வேறாகிறது. உலக வழக்கு நினைப்பது, திரைக்குப் பின்னே இருந்து ஒவ்வொரு நிகழ்ச்சியையும் கயிறு பிடித்து ஆட்டும் கை. சூர்ணிகை காட்டுவதோ, நாம் கவனமின்றி உரைத்துவிட்டுப் போன கல்லில் மெழுகை ஒற்றும் கை. முன்னது நடத்துவது, பின்னது திரட்டுவது. கயிறு பிடித்தவன் கண்ணீரோடு மீள வேண்டியதில்லை. தேடுகிறவனே வெறுங்கையோடு மீள நேர்வதும், மீண்டும் வருவதும் ஆகும்.

விஷ்ணுதர்மத்தில் வரும் லலிதையின் கதையை இதற்குச் சான்றாக அடுத்த சூர்ணிகை நினைவூட்டுகிறது. விஷ்ணு ஸந்நிதி ஒன்றில் அணையும் நிலையில் இருந்த விளக்கின் திரியை ஓர் எலி தின்ன இழுத்தது. பூனையின் ஒலி கேட்டு அஞ்சித் திரியை விட்டது. இழுபட்ட திரி சுடர்விட்டு எரிந்தது. எலி இறந்து, மறுபிறவியில் லலிதை என்னும் அரசகுமாரியாய்ப் பிறந்து, பழைய நினைவோடு விளக்கேற்றும் கைங்கர்யத்தில் ஊன்றினாள். எலிக்கு இருந்தது பசியும் அச்சமும். திருவிளக்கைத் தூண்டிற்று என்பது ஈச்வரன் எழுதிய கணக்கு. லலிதை அதனை அறிந்ததும் அடுத்த பிறவியிலே. எலிப் பிறவியிலே அன்று என்பதும் நோக்கத்தக்கது.

ஆழ்வாரின் கேள்வி

இப்பொருளின் மூலம் திருவாய்மொழியில் பத்தாம் பத்தின் எட்டாம் திருவாய்மொழி. மலைகளின் பெயர்களுள் ஒன்றாகத் திருமாலிருஞ்சோலையின் பெயரை வாயால் சொன்ன மாத்திரத்திலே எம்பெருமான் வந்து தம் நெஞ்சு நிறையப் புகுந்தான் என்கிறார் நம்மாழ்வார். சொன்னவர்க்கு அதில் கருத்து இருந்ததாக அவரே கூறவில்லை. நம்பிள்ளை அருளிச்செய்ய வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படி இவ்விடத்தை நிர்ஹேதுக க்ருபையின் தலையாய சான்றாகக் கொள்கிறது.

அத்திருவாய்மொழியின் ஒன்பதாம் பாட்டில் ஆழ்வார் வினவுகிறார். இன்று என்னை ஒரு பொருளாக ஏற்றுக்கொண்டவன், அன்று என்னைப் புறத்தே போகவிட்டது எதற்காக என்பது அவ்வினா. ‘என்னிடம் இன்று வந்த தகுதி என்ன?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘அன்று வாராதிருந்ததற்குக் காரணம் என்ன?’ என்றும் கேட்பதே இதன் கூர்மை. ஆழ்வாருடைய கர்மத்தைக் காரணமாகச் சொல்லலாமே எனின், அது இன்றும் அப்படியே இருந்தது. ஈச்வரனுடைய க்ருபையைச் சொல்லலாமே எனின், அது அன்றும் அப்படியே இருந்தது. ஆதலின் மறுமொழி இல்லை. அவ்வினாவின் முன்னே ஈச்வரன் விடையற்றவனாய் நிற்பதாகவே பூருவர்கள் நிர்வகித்தனர். அவனுக்காக ஒரு காரணம் கட்டிக் கொடுக்க அவர்கள் முற்படவில்லை.

கலைபேதத்தால் இவ்விடத்தில் எழும் மாறுபாட்டைச் சுருக்கமாகவேனும் குறித்தல் வேண்டும். ஸ்வாமி வேதாந்த தேசிகர் க்ருபையே ப்ரதானம் என்பதில் மாறுபட்டவர் அல்லர். ஆனால் அது வைஷம்யமாக முடியாமைக்குச் சேதநன் பக்கல் ஒரு வ்யாஜம் வேண்டும் என்பது அவர் நிலை. ஒருவனுக்கு அருளி மற்றொருவனை விட்டால் பக்ஷபாதம் ஆகாதா என்னும் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. தென்கலையார் அந்த வ்யாஜமும் அவன் ஏறிட்டதே என்பர். எனினும் இரு கலையாரும் ஆளும் பழைய சுலோகம் ஒன்று, ஒருவன் ஆசாரியனைச் சென்று சேரும் படிகளை ஆறாக எண்ணுகிறது: ஈச்வரனுடைய ஸௌஹார்தம், யாத்ருச்சிக ஸுக்ருதம், விஷ்ணு கடாக்ஷம், அத்வேஷம், ஆபிமுக்யம், ஸாத்த்விகரோடு உரையாடல். யாத்ருச்சிகம் இதில் இரண்டாவது, ஸௌஹார்தம் முதலாவது. தற்செயல் எவ்வளவு தற்செயலாக இருந்தாலும், அதற்கு முன்னே ஒரு நல்லெண்ணம் காத்துக்கொண்டிருந்தது என்பதில் பேதம் இல்லை. அந்நல்லெண்ணம் நிகழ்ச்சியை உண்டாக்கியது என்று அவ்வரிசை கூறவில்லை என்பதும் மறக்கத்தக்கதன்று.

மேற்குப் புறநகரின் திருத்தலங்கள்

இக்கோட்பாட்டை ஒரு நிலப்பரப்பில் வைத்துப் பார்த்தால் மேலும் தெளிவாகும். சென்னையின் மேற்குப் புறநகரில் அம்பத்தூரைச் சேர்ந்த கள்ளிக்குப்பம் போன்ற குடியிருப்புகளுக்கு வந்தவர்களில் பலர், தொழிற்பேட்டை வேலையையோ கைக்கெட்டும் விலையில் கிடைத்த மனையையோ கருதி வந்தவர்கள். அவர்களைச் சுற்றி மேற்கே திருநின்றவூர், தென்மேற்கே திருமழிசை, பூவிருந்தவல்லி என்று ஆழ்வார் ஆசாரியர்களின் நினைவு பதிந்த ஊர்கள் அமைந்துள்ளன. இவ்வூர்களைக் கருதாமலே அவற்றின் நடுவே குடியேறியிருப்பது யாத்ருச்சிகத்திற்குக் கண்கூடான உதாரணம். இவ்வூர்களின் வரலாறுகளும் அதே இலக்கணத்தில் அமைந்திருப்பது வியப்பு.

திருநின்றவூர் பக்தவத்ஸலப் பெருமாளும் என்னைப் பெற்ற தாயாரும் எழுந்தருளியிருக்கும் திவ்யதேசம். இத்தலத்திற்குத் தனிப் பதிகம் இல்லை. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் திருக்கடல்மல்லைப் பதிகத்தில் ஒரு பாட்டிலும் (2-5), திருக்கண்ணமங்கைப் பதிகத்தில் ஒரு பாட்டிலும் (7-10) இப்பெருமாளை இடையே நினைக்கிறார். ஆழ்வார் இவ்வூரைப் பாடாமல் கடந்து சென்றார் என்றும், ஒரு பாட்டாவது பெற்றுவரும்படி தாயார் பெருமாளை ஏவினாள் என்றும், அதற்குள் ஆழ்வார் கடல்மல்லை சென்றுவிட்டமையால் அங்கே பாட்டில் இவரும் இடம்பெற்றார் என்றும் ஸ்தல ஐதிஹ்யம் கூறும். ஐதிஹ்யத்தை விட்டு இலக்கியச் செய்தியை மட்டும் நோக்கினாலும், மற்றொரு தலத்தைப் பாடும்போது இடையே வந்த பெயர் ஒன்றே இவ்வூரை 108 திவ்யதேசங்களுள் ஒன்றாக்கிற்று என்பது தெளிவு. ப்ராஸங்கிகம் என்பதற்கு இதனினும் பொருந்திய உதாரணம் காண்டல் அரிது. ஆழ்வார் அவதரித்த திருமழிசையோ அவ்வெண்ணிக்கையில் சேரவில்லை. பிறப்பினால் வாராத கணக்கு ஒரு சொல்லினால் வந்தது. எம்பெருமான் ஸம்ஸாரியிடம் கணக்கெழுதும் முறையிலேயே ஸம்ப்ரதாயமும் எம்பெருமானுடைய ஊர்களுக்குக் கணக்கெழுதியிருக்கிறது.

திருமழிசையில் நிகழ்ந்தது ஆநுஷங்கிகத்தின் சாயல் கொண்டது. பார்க்கவ முனிவருக்கும் கனகாங்கிக்கும் பிறந்த உருத் தெரியாத பிண்டம் புதரின் கீழ் விடப்பட்டது. அது எம்பெருமான் கடாக்ஷத்தால் குழந்தையாய் அழுதது. பிரம்பு அறுக்க வந்த திருவாளன் அதனை எடுத்துச் சென்று மனைவி பங்கயச்செல்வியிடம் கொடுத்தான் என்பது குருபரம்பரைச் செய்தி. திருவாளன் புதருக்குள் புகுந்தது பிழைப்புக்காக. திருமழிசையாழ்வாரை வளர்த்தவன் என்னும் பேறு அப்பிழைப்பில் ஒட்டிவந்தது. பிரம்பு அறுக்கப் போனது அவன் தொழில். அதற்கு அவன் வேறு காரணம் தேடவில்லை. ஆனால் குழந்தையின் குரல் கேட்டபோது அவன் பிரம்பை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பவில்லை. தற்செயல் என்பது ஒருவன் கையை நீட்டும்போதே பேறாகிறது என்பதை அக்கதை உணர்த்துகிறது.

தவறிப்போன சந்திப்பு

பூவிருந்தவல்லியில் அவதரித்துக் காஞ்சிப் பேரருளாளனுக்குத் திருவாலவட்டக் கைங்கர்யம் செய்தவர் திருக்கச்சி நம்பிகள். இராமாநுசர் தம் ஐயங்களை இவர் வாயிலாகப் பேரருளாளனிடம் விண்ணப்பித்து ஆறு வார்த்தைகளைப் பெற்றார். பெரிய நம்பிகளை ஆச்ரயிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இராமாநுசர் காஞ்சியிலிருந்து திருவரங்கத்தை நோக்கிப் புறப்பட்டார். பெரிய நம்பிகளோ இராமாநுசரை அழைத்துவரத் திருவரங்கத்திலிருந்து காஞ்சியை நோக்கிப் புறப்பட்டிருந்தார். இருவரும் மதுராந்தகத்தில் எதிர்ப்பட்டனர்; அங்கே ஏரிகாத்த ராமர் ஸந்நிதியில் மகிழ மரத்தடியில் பஞ்ச ஸம்ஸ்காரம் நிகழ்ந்தது. இச்சந்திப்பை வியந்து போற்றாத உபந்யாஸகர் இல்லை. ஆனால் இதில் தற்செயல் இடத்தைப் பற்றியது மட்டுமே. இருவரும் ஒருவரையொருவர் நாடி நடந்துகொண்டிருந்தனர். மதுராந்தகம் இல்லாவிடில் வேறோர் ஊர்.

மதுராந்தகத்தைப் போற்றுவோர் அதற்கு முன் நேர்ந்ததை எளிதில் கடந்துவிடுகின்றனர். ஆளவந்தாரைச் சேவிக்க இராமாநுசர் திருவரங்கம் சென்றபோது, ஆளவந்தார் பரமபதித்துத் திருமேனியே எஞ்சியிருந்தது. மடங்கியிருந்த மூன்று திருவிரல்களைக் கண்டு இராமாநுசர் செய்த பிரதிஜ்ஞைகள் பலரும் அறிந்தவை. அதற்குப்பின் அவர் பெரிய பெருமாளைச் சேவியாமலே காஞ்சிக்குத் திரும்பினார் என்றும் குருபரம்பரை சொல்கிறது. மதுராந்தகத்தில் கூட்டிவைத்தது அவன் கையெனில், திருவரங்கத்தில் சற்றே பிந்தவைத்தது எவர் கை? ‘எல்லாம் அவன் செயல்’ என்பவர் இவ்வினாவுக்கும் விடை கூறக் கடமைப்பட்டவர்.

குருபரம்பரை நூல்கள் இவ்விடத்தில் காட்டும் நேர்மை போற்றத்தக்கது. அவை இராமாநுசருடைய வருத்தத்தை மறைக்கவில்லை. ‘இதுவும் நன்மைக்கே’ என்று அவர் வாயில் ஒரு வாக்கியத்தை இடவுமில்லை. பெரிய பெருமாளிடத்தில் வெறுப்புற்று மீண்டதை அப்படியே எழுதிவைத்தன. அவை வேறொரு செய்தியையும் கூறுகின்றன. முன்னொரு காலத்தில் ஆளவந்தார் காஞ்சிக்கு எழுந்தருளி, யாதவப்ரகாசரோடு சென்ற இளைஞர் கூட்டத்தில் இராமாநுசரைத் தூரத்தே நின்று கடாக்ஷித்து, அவருக்காகப் பேரருளாளனிடம் சரணாகதி பண்ணி மீண்டார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. இராமாநுசர் நடக்கவில்லை என்று ஏங்கிய ஸம்பந்தம், அவர் அறியாத ஒரு நாளில் முன்னரே நடந்திருந்தது. சந்திப்பு தவறிற்று என்பதும் உண்மை. கடாக்ஷம் முன்பே விழுந்திருந்தது என்பதும் உண்மை. பின்னது முன்னதைத் துடைத்துவிடவில்லை. மூன்று விரல்கள் மடங்கியே இருந்தமையால்தான் அவற்றை நிமிர்த்தும் பொறுப்பு எம்பெருமானார்க்கு வந்தது என்று கூறலாம். ஆனால் அதனைக் கூறும் உரிமை அப்பொறுப்பை நிறைவேற்றியபின் அவருக்கே உண்டு.

இச்சூர்ணிகையை அருளிய ஆசாரியருடைய வரலாறும் இதையே உணர்த்துகிறது. ஸ்ரீவசன பூஷணம் தோன்றிய வகையை மாமுனிகள் தம் அவதாரிகையில் விவரிக்கிறார். மணற்பாக்கத்து நம்பி என்பவருக்குப் பேரருளாளன் ஸ்வப்நத்தில் சில அர்த்தங்களை அருளி, மேலும் அறிய ஆற்றிடைக்குறையான திருவரங்கத்துக்குப் போகப் பணித்தான். அங்கே ஒரு கோயிலின் உள்ளே தனித்திருந்த நம்பி, வெளியே பிள்ளை லோகாசாரியர் தம் சிஷ்யர்களுக்கு அவ்வர்த்தங்களையே அருளிச்செய்வதைக் கேட்டு, வெளிப்பட்டுத் திருவடியில் விழுந்து, தாம் தேடிவந்தவர் அவர்தாமோ என்று வினவினார். தற்செயலைப் பற்றிப் பேசும் நூல், செவியில் தற்செயலாய் விழுந்த பேச்சினால் எழுதப் பெற்றது. அவ்வாசாரியரே 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு வெளியேறி, ஜ்யோதிஷ்குடியில் பரமபதித்தார். எம்பெருமான் திரும்பிச் செல்வதை அவர் காணவில்லை. அந்நாட்களில் அவர் எதையும் காரணம் காட்டி விளக்க முயன்றதாகச் செய்தி இல்லை. நம்பெருமாளைக் காத்தார்; அவ்வளவே.

வழக்கின் எல்லைகள்

இதுகாறும் கண்டவற்றால் மூன்று வரம்புகள் பெறப்படுகின்றன.

முதலாவது, கணக்கு எழுதுபவன் அவன், நாம் அல்லோம். நீர் இறைத்தவன் ‘நான் அடியார் தாகம் தீர்த்தேன்’ என்று தானே எழுதிக்கொண்டால் அப்போதே அது யாத்ருச்சிகம் ஆகாது, சாதனமாகிவிடும். தன் மடியில் மாங்காய் இருப்பதைக் கண்டு தோட்டக்காரனிடம் கூலி கேட்பவனை ஒப்பான் அவன். எனக்காக இதைக் கூட்டிவைத்தான் என்று அறுதியிட்டுப் பேசும் உபந்யாஸ வழக்கில் இச்செருக்கு எளிதில் நுழைகிறது.

இரண்டாவது, காண்பது பின்னோக்கியே. லலிதை அறிந்தது மறுபிறவியில். ஆழ்வார் வினவியது அவன் நெஞ்சில் புகுந்த பின்பு. எம்பெருமானார் ஆளவந்தாருடைய கடாக்ஷத்தைக் கேட்டறிந்ததும் பிற்பாடே. வரப்போவதன் குறியாகத் தற்செயல்களைத் தேடி வாசிப்பதற்கு இவற்றில் ஆதாரம் இல்லை. நிமித்தம் பார்ப்பது வேறு. நன்றி கூறுவது வேறு.

மூன்றாவது, இது பெற்றவன் தன்னைப் பற்றிக் கூறத்தக்கது. இழந்தவனுக்கு மற்றொருவன் கூறத்தக்கதன்று. வீட்டில் துயரம் நேர்ந்தவரிடம் சென்று ‘அவன் செயல், ஏதோ காரணம் இருக்கும்’ என்பார் உளர். ஆழ்வார் கேட்டபோது ஈச்வரனே கூறாத காரணத்தை இவர் கூற முற்படுகிறார். பராசர பட்டர் ஸஹஸ்ரநாம பாஷ்யத்தில் ‘அவிஜ்ஞாதா’ என்னும் திருநாமத்துக்கு அடியார் குற்றங்களை அறியாதவன் என்று பொருள் அருளினார். குற்றத்தை அறியாதவனாய், சிறு நன்மையை ஒன்று பத்தாக்குபவனாய் இருப்பது அவன் ஸ்வபாவம். பிறர் துன்பத்துக்குக் கர்மக் கணக்குத் தேடுவது அவன் விட்டொழித்த ஏட்டை நாம் எடுத்துப் பிரிப்பதாகும்.

இவ்வரம்புகளுக்கு உட்பட்டு நின்றால் யாத்ருச்சிகம் வாழ்வை நோக்கும் ஓர் அரிய கண்ணாகிறது. அக்கண் தன்னைவிடப் பிறரையே முதலில் நோக்கும். தொழிற்பேட்டையில் வேலை முடிந்து இரவில் அம்பத்தூர் நிலையத்தில் நின்று, தூக்கக் கலக்கத்தோடு ‘திருநின்றவூர்’ என்று பயணச்சீட்டுக் கேட்கிறான் ஒருவன். ‘தின்னனூர்’ என்று சிதைத்தே கேட்பவரும் உண்டு. அவன் கோயிலுக்குப் போகிறவன் அல்லன். பெருமாள் பெயரும் அறியான். சூர்ணிகையில் எம்பெருமான் எழுதும் முதற்கணக்கு, தன் ஊரைச் சொன்னான் என்பதே. அச்சொல் எவ்வேட்டில் ஏறிற்று என்று எவரும் அறியார். வெயிலில் வாசலில் ஒதுங்கியவனுக்குத் திண்ணையில் இடம் விட்டவள், தெருக்குழாயில் தன் குடத்தை நகர்த்தி முன்னே நின்றவர்க்கு வழிவிட்டவன் ஆகியோரைப் பற்றியும் அறியார். உரைகல்லில் கீற்று விழுந்துகொண்டே இருக்கிறது.

எனவே, தற்செயலில் தெய்வத்தின் கையைக் காண்பவன் செய்யத்தக்கது தனக்கு நேர்ந்தவற்றைக் கோத்து மாலையாக்கிக் காட்டுவதன்று. எதிரே வருகிற எவனும் அவனால் முன்பே கணக்கில் ஏற்றப்பட்டவனாக இருக்கலாம் என்று கருதி, அவனை இகழாதிருப்பதே. பாகவத அபசாரத்தைக் கடுமையாக விலக்கிய அதே ஸ்ரீவசன பூஷணம் இச்சூர்ணிகையையும் கொண்டிருப்பது பொருத்தமே. எவன் மடியில் மாங்காய் இடப்பட்டிருக்கிறது என்பதைத் தோட்டக்காரன் ஒருவனே அறிவான்.

ஜீயர் திருவடிகளே சரணம்.